‘நைஸ்’: ஒரு சொல்லின் எழுநூறு ஆண்டுகள்

‘நைஸ்’ என்ற ஆங்கிலப் பெயரடைக்குத் தொடக்கத்தில் இருந்த பொருள் ‘அறிவில்லாத’ என்பது. லத்தீனில் ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். ‘நே’ எதிர்மறை முன்னொட்டு. இரண்டும் சேர்ந்து பிறந்த ‘நெஸ்கியுஸ்’, ஒன்றும் அறியாதவனைக் குறித்தது. அறிதலைக் குறித்த அதே வேரிலிருந்துதான் ‘சயின்ஸ்’, ‘கான்ஷியன்ஸ்’ ஆகிய சொற்களும் வந்தன. பழைய பிரெஞ்சில் ‘நெஸ்கியுஸ்’ தேய்ந்து சுருங்கி, பேதை, அசடு என்ற பொருளில் நின்றது. நார்மானியர் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தன. அவற்றோடு இதுவும் 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கில எழுத்தில் தலைகாட்டியது. 1400இல் மறைந்த சாசரின் கவிதைகளில் ஒருவரை ‘நைஸ்’ என்று சொன்னால் அவர் அசடு என்று பொருள். இன்றைய பொருளை வைத்துக்கொண்டு அந்த இடங்களைப் படிப்பவர், திட்டைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

அசட்டுத்தனத்தைக் குறித்த சொல் இனிமையைக் குறிக்க வந்த வழி நேரானதல்ல. பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் அது அறியாமையைவிட்டு நடத்தைக்கு நகர்ந்தது. ஒழுக்கம் தளர்ந்தவர், மிகையாக உடுத்தி மினுக்குபவர், சோம்பேறி என்று பலரையும் அது சுட்டியது. மினுக்குபவர் பெரும்பாலும் எதிலும் குறை காண்பவர். துணி சரியில்லை, உணவு சரியில்லை என்று முகம் சுளிப்பவர். அந்த வழியில் ‘எளிதில் திருப்தியடையாத’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. குறை காண்பவருக்கு நுண்ணிய வேறுபாடு கண்ணில் படும் என்பதால் அடுத்ததாக ‘நுட்பமான’, ‘துல்லியமான’ என்ற பொருள்கள் வந்தன. கூச்சம், நாணம், மென்மை ஆகியவையும் இடையில் சேர்ந்தன. தமிழில் ‘நாசூக்கு’ என்ற சொல் தொடும் இடங்களை மனத்தில் கொண்டால் இந்தக் கட்டத்து ‘நைஸ்’ ஓரளவு பிடிபடும்.

பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலும், புதியது வந்ததும் பழையது விலகிவிடவில்லை. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஏழெட்டுப் பொருள்கள் ஒரே சமயத்தில் புழங்கின. அக்கால எடுத்துக்காட்டுகள் பலவற்றில் எழுதியவர் எந்தப் பொருளைக் கருதினார் என்று சொல்வது கடினம் என ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் தொகுப்பாளர்களே குறித்திருக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய அகராதிகளுள் ஒன்று இப்படிக் கைவிரிப்பது அடிக்கடி நடப்பதல்ல. ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தின் கடைசி அங்கத்தில் ரோமியோவுக்குப் போய்ச் சேராத கடிதத்தைப் பற்றிப் பாதிரியார் லாரன்ஸ் பதறுகிறார். அந்தக் கடிதம் ‘நைஸ்’ ஆனதல்ல, முக்கியமானது என்பது அவர் பேச்சின் சாரம். அங்கே ‘நைஸ்’ என்றால் அற்பமானது. ஒரே சொல் நுட்பத்தையும் அற்பத்தையும் குறித்தது முரணாகத் தோன்றலாம். ஆனால் மிகச் சிறிய ஒன்றை மதிப்பவர் நுட்பம் என்பார், மதிக்காதவர் அற்பம் என்பார்.

பொருள் இவ்வாறு தாழ்விலிருந்து மேலேறுவதை மொழியியலார் உயர்பொருட்பேறு என்பர். மேலிருந்து இறங்குவது இழிபொருட்பேறு. பின்னதற்குத் தமிழ் மாணவர் எல்லாரும் அறிந்த சான்று ‘நாற்றம்’: பழைய இலக்கியத்தில் நறுமணத்துக்கும் வழங்கிய சொல், இன்று மூக்கைப் பொத்தவைக்கிறது. ஆங்கிலத்தில் ‘நைஸ்’ சொல்லுக்கு எதிர்த்திசையில் நடந்தது ‘சில்லி’. அதன் மூதாதைச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘அருள்பெற்ற’, ‘பேறுடைய’ என்று பொருள். அருள்பெற்றவர் கள்ளமற்றவர், கள்ளமற்றவர் இரங்கத்தக்கவர், இரங்கத்தக்கவர் விவரமில்லாதவர் என்று படிப்படியாக இறங்கி இப்போது ‘சில்லி’ அசட்டுத்தனத்தில் நிற்கிறது. ‘நைஸ்’ விட்டுப்போன இடத்துக்கு ‘சில்லி’ வந்து சேர்ந்தது. ‘ஃபாண்ட்’ என்பதும் முதலில் அசட்டைக் குறித்து, பிறகு அன்புக்கு மாறியது. ‘பிரிட்டி’ சூழ்ச்சியில் தொடங்கி அழகில் முடிந்தது. ஆக ‘நைஸ்’ தனிப்பட்ட விந்தையல்ல. அது கடந்த தூரம்தான் மற்றவற்றைவிட அதிகம்.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் ‘நைஸ்’ பெரும்பாலும் துல்லியம், நுண்மை, மிகைக் கவனம், எளிதில் கெடக்கூடிய மென்மை ஆகியவற்றைச் சுற்றியே விளக்கப்படுகிறது. ‘இனிமையான’ என்ற பொருள் அடுத்த சில பத்தாண்டுகளில்தான் பரவியது. நுண்ணிய சுவை உடையவர் விரும்புவது நல்லதாக இருக்கும் என்ற எண்ணத்தில், சுவைப்பவரைக் குறித்த சொல் சுவைக்கப்படும் பொருளுக்கு மாறிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவுக்குள் இந்தப் புதுப்பொருள் நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைகளில் எங்கும் ஒலித்தது. ‘கனிவான’, ‘பிறரிடம் அன்பாக நடந்துகொள்ளும்’ என்ற பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்ந்தது.

புதுப்பொருளைக் கேலி செய்த முதல் பெரிய எழுத்தாளர்களில் ஒருவர் ஜேன் ஆஸ்டின். அவர் 1817 ஜூலையில் மறைந்தார். ‘நார்த்தேங்கர் அபே’ நாவல் அவ்வாண்டு டிசம்பரில்தான் அச்சில் வந்தது. ஆயினும் அதன் முதல் வடிவம் 1790களின் இறுதியில் எழுதப்பட்டது. அதில் பாத் நகரத்துக் குன்றொன்றில் இளைஞர்கள் உலாவும் காட்சி வருகிறது. ஆன் ராட்கிளிஃப் எழுதிய, 1794இல் வெளிவந்த ‘உடோல்ஃபோவின் மர்மங்கள்’ என்ற திகில் நாவலில் மயங்கிக் கிடக்கும் கேத்தரின் மார்லண்ட், உலகிலேயே ‘நைஸ்’ ஆன புத்தகம் அதுதானே என்று கேட்கிறாள். ஹென்றி டில்னி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறான். நேர்த்தி என்ற பழைய பொருளில் எடுத்துக்கொண்டு, அது புத்தகத்தின் பைண்டிங்கைப் பொறுத்தது என்கிறான். அன்றைய பொழுது, அந்த நடை, உடன் வந்த பெண்கள் எல்லாவற்றுக்கும் அச்சொல்லை ஒட்டிக்காட்டி, எதற்கும் பொருந்தும் சொல் இது என்று கிண்டல் செய்கிறான். ஹென்றியின் தங்கை எலினர் குறுக்கிட்டு, சொற்களைப் பற்றி இவன் இப்படித்தான் படுத்துவான், சட்டென்று மாற்றிப் பேசாவிட்டால் வழியெல்லாம் ஜான்சன், பிளேர் ஆகிய மொழி அறிஞர்களை மேற்கோள் காட்டுவான் என்று கேத்தரினை எச்சரிக்கிறாள். ஆஸ்டின் கேலி செய்தது சொல்லை மட்டுமா, அதைத் திருத்த வந்தவனையும் சேர்த்தா என்பதில் ஐயம் வேண்டியதில்லை: இரண்டையும்தான்.

ஒரு நூற்றாண்டு கழித்து ஹென்றி டில்னியின் இடத்தில் எச். டபிள்யூ. ஃபௌலர் நின்றார். 1926இல் வெளிவந்த அவருடைய ஆங்கிலப் பயன்பாட்டு அகராதி, நுட்பமான பொருளுடைய நல்ல சொல்லொன்றைப் பெண்கள் பேசிப் பேசி நீர்த்துப்போகச் செய்துவிட்டார்கள் என்ற கருத்துப்படக் குறைப்பட்டுக்கொண்டது. குற்றச்சாட்டில் நியாயம் குறைவு. பொருள் மாறியதில் ஆண்களுக்கும் பங்கு உண்டு. அதோடு, ஃபௌலர் மீட்க விரும்பிய துல்லியப் பொருளே மூன்று நான்கு மாற்றங்களுக்குப் பிறகு வந்ததுதான். தொடக்கப் பொருளே சரியான பொருள் என்றால், எல்லாரும் ‘நைஸ்’ என்று அசடுகளைத்தான் அழைக்கவேண்டும். ஆனாலும் ஃபௌலரின் குரல் பள்ளிகளில் நிலைத்துவிட்டது. கட்டுரைப் பாடத்தில் ‘நைஸ்’ எழுதினால் சிவப்பு மையால் அடித்து, அதற்குப் பதில் வேறு சொல் தேடச் சொல்வது ஆங்கில ஆசிரியர்களின் நெடுநாள் வழக்கம்.

ஃபௌலர் மீட்க விரும்பிய பொருள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. ‘நைசிட்டி’ என்ற பெயர்ச்சொல் இன்றும் நுணுக்கத்தைக் குறிக்கிறது. சட்டத்தின் ‘நைசிட்டி’கள் என்றால் சட்ட நுணுக்கங்கள், அங்கே இனிமைக்கு இடமில்லை. இரு கருத்துகளுக்கிடையே ‘நைஸ்’ ஆன வேறுபாடு என்று ஒரு கட்டுரையாளர் எழுதினால் அது மயிரிழை வேறுபாடு. பிரிட்டிஷ் மரபில் வந்த நீதிமன்ற ஆங்கிலத்தில், இந்தியா, இலங்கை உட்பட, ‘நைஸ்’ ஆன சட்டக் கேள்வி என்ற தொடர் தீர்ப்புகளில் இப்போதும் தென்படும். அதை ‘நல்ல கேள்வி’ என்று மொழிபெயர்ப்பது பிழை; இருபக்கமும் வாதிடத்தக்க, எளிதில் முடிவுகட்ட முடியாத கேள்வி என்பதே பொருள்.

அன்றாடப் பேச்சில் இந்தச் சொல் செய்யும் வேலைகள் பல. அவற்றை அகராதிப் பொருளைவிட வாக்கியத்தில் அது நிற்கும் இடமே தெளிவாகக் காட்டும். பெயர்ச்சொல்லுக்கு முன் நின்றால் பொதுவான பாராட்டு: நல்ல சட்டை, நல்ல வீடு, இதமான வெயில். அறிமுகமாகும்போது சொல்லும் ‘நைஸ் டு மீட் யூ’ என்பதில் மகிழ்ச்சி உண்டா இல்லையா என்பது கேள்வியே அல்ல. அது கைகுலுக்கலின் ஒலி வடிவம். உதவி செய்தவரிடம் ‘நைஸ் ஆஃப் யூ’ என்றால் பாராட்டு செயலைக் கடந்து ஆளைச் சேர்கிறது. தம்பியிடம் ‘நைஸ்’ ஆக நடந்துகொள் என்று பிள்ளையிடம் தாய் சொன்னால், அடிக்காதே, பிடுங்காதே என்று அர்த்தம். அமெரிக்கக் கடைகளில் பணம் வாங்குபவர் விடைகொடுக்கச் சொல்லும் ‘ஹேவ் எ நைஸ் டே’ இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிக மரியாதையாகவே நிலைபெற்றது. பிரிட்டனில் அதைச் செயற்கை என்று முணுமுணுப்பவர் பலர்.

இன்னொரு பயன்பாடு கற்பவரின் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும். ‘நைஸ் அண்ட் வார்ம்’ என்று தேநீரைப் பற்றிச் சொன்னால், நல்லது, சூடானது என்று இரண்டு பண்புகள் சொல்லப்படவில்லை. தேவையான அளவுக்கு, மனத்துக்குப் பிடித்தவாறு சூடாக இருக்கிறது என்பதே பொருள். தமிழில் ‘நல்ல சூடு’ என்கிறோமே, அந்த ‘நல்ல’ செய்யும் மிகுதிப்படுத்தும் வேலையை இங்கே ‘நைஸ் அண்ட்’ செய்கிறது. ‘நைஸ் அண்ட் ஈஸி’, ‘நைஸ் அண்ட் க்ளீன்’ எல்லாம் இந்த வகை. மிகுதி விரும்பத்தக்கதாக இருக்கவேண்டும் என்பது கட்டுப்பாடு. குளிரில் நடுங்குபவர் அறை ‘நைஸ் அண்ட் கோல்ட்’ ஆக இருக்கிறது என்று சொல்லமாட்டார்.

அடுத்தது எதிர்மறைக் குறிப்பு. சமையலறையில் பாலைக் கொட்டிவிட்ட கணவனிடம் ‘நைஸ்’ என்று மனைவி ஒற்றைச் சொல்லாகச் சொன்னால், அது தமிழ்வீட்டின் ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்பதற்குச் சமம். ‘நைஸ் ட்ரை’ என்பது உண்மையான ஊக்கமாகவும் இருக்கலாம். ஏமாற்ற முயன்றவரிடம் ‘உன் வேலை இங்கே நடக்காது’ என்ற எச்சரிக்கையாகவும் இருக்கலாம். குரல்தான் முடிவு செய்யும். பிரிட்டிஷ் பேச்சில் இன்னும் நுண்ணிய ஆபத்து உண்டு. ஒருவர் எழுதிய நாவலைப் படித்துவிட்டு ‘நைஸ்’ என்று மட்டும் சொன்னால், பெரும்பாலும் அது கவரவில்லை என்றே பொருள். புகழ்ச்சியின் மிகக் கீழ்ப்படியில் இச்சொல் நிற்பதால், அதற்கு மேல் ஏற மறுப்பதே ஒரு விமர்சனமாகிவிடுகிறது. மென்பொருள் அலுவலகங்களில் ‘நைஸ் டு ஹேவ்’ என்று ஓர் அம்சத்தைக் குறித்தால், அது இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நிரல் வெளியாகும் என்ற முடிவு. சென்னையிலோ பெங்களூரிலோ திட்டப் பட்டியலில் அந்தத் தலைப்பின்கீழ் போன வேலை பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

கணினியிலேயே இந்தச் சொல்லுக்கு ஓர் அதிகாரபூர்வ இருக்கை உண்டு. யூனிக்ஸ் இயங்குதளத்தில் ‘நைஸ்’ என்பது ஒரு கட்டளை. ஒரு நிரல் மற்ற நிரல்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. லினக்ஸில் இந்த அளவு -20 முதல் 19 வரை செல்லும். எண் கூடினால் நிரல் மேலும் ‘நல்ல பிள்ளை’யாகி வரிசையில் பின்னால் நிற்கும், எண் குறைந்தால் முண்டியடித்து முன்னால் வரும். இங்கே சொல் இனிமையைக் குறிக்கவில்லை, பிறர்க்கு வழிவிடுவதைக் குறிக்கிறது. அந்தப் பொருளை இவ்வளவு துல்லியமாக எண்ணாக்கிய இடம் வேறில்லை.

இனி இணைச்சொற்கள். ஆங்கிலத்தில் ஒத்த பொருட்சொற்களைத் தேடுபவர் முதலில் நாடுவது பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்ட தெசாரஸ். அகரவரிசையில் அன்றி, கருத்துகளை ஆயிரம் தலைப்புகளாகப் பிரித்து அவற்றின்கீழ் அவர் சொற்களைத் தொகுத்தார். பொருள்வாரியாகச் சொற்களை அடுக்கும் முறை தமிழுக்குப் புதிதல்ல. திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதைச் செய்தன. அவற்றுக்கும் முன்னதான தொல்காப்பிய உரியியல், உறு, தவ, நனி என்ற மூன்றும் மிகுதிப் பொருளன என்று கூறுகிறது. ஆனால் நிகண்டானாலும் தெசாரஸ் ஆனாலும் ஒரு குறை பொது: ஒரே வரியில் நிற்கும் சொற்கள் ஒன்றுக்கொன்று ஈடானவை என்ற எண்ணத்தை அவை ஊட்டுகின்றன. ‘நைஸ்’ சொல்லின் இணைச்சொற்களை எடுத்துப் பார்த்தால் இது எவ்வளவு தவறு என்று தெரியும்.

‘பிளசன்ட்’ மிக நெருங்கி வருவது. காற்று, பயணம், குரல் ஆகியவற்றுக்குப் பொருந்தும். ஆனால் அதில் சற்று எழுத்துநடை வாடை உண்டு. நண்பன் புதுச்சட்டை போட்டு வந்தால் யாரும் ‘பிளசன்ட்’ என்று கூவமாட்டார்கள். ‘அக்ரீயபிள்’ ஆஸ்டின் காலத்தில் செல்வாக்கோடு இருந்தது. இன்று அதற்கு ‘இசைவுடைய’ என்ற பொருளே வலுத்திருப்பதால், பழைய பொருளில் சொன்னால் தாத்தா பேசுவதுபோல் ஒலிக்கும். ‘லவ்லி’ பிரிட்டிஷ் பேச்சின் செல்லச் சொல். பூக்கடைக்காரர் சில்லறையை வாங்கிக்கொண்டு நன்றி என்ற பொருளில்கூட அதைச் சொல்வார். அமெரிக்கரின் வாயில் அதே சொல் கொஞ்சம் அலங்காரமாகிவிடும். ‘டிலைட்ஃபுல்’, ‘சார்மிங்’ இரண்டும் சொல்பவரைப் பிணைத்துவிடுகின்றன: உண்மையிலேயே மகிழ்ந்திருக்கவேண்டும், அல்லது மகிழ்ந்ததாக நடிக்கத் தெரியவேண்டும். ‘சார்மிங்’ என்பதில் மயக்கும் திறனும் அதன் மீதான ஐயமும் சேர்ந்தே வரும். ‘ஸ்வீட்’ சிறு உதவிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஏற்றது. மேலதிகாரியிடம் சொன்னால் அத்துமீறலாகும். ‘டீசன்ட்’ நியாயமான, குறைசொல்ல முடியாத என்பதோடு நின்றுவிடும்.

‘கைண்ட்’ என்பதுதான் கவனத்துக்குரியது. ‘நைஸ்’ ஆக இருப்பதும் ‘கைண்ட்’ ஆக இருப்பதும் ஒன்றல்ல என்பதை ஆங்கிலேயர் அடிக்கடி பிரித்துச் சொல்வார்கள். சிரித்த முகம், இனிய பேச்சு, மறுத்துப் பேசாமை ஆகியவை முன்னது. பிறர் நலனுக்காகத் தன் வசதியை விட்டுக்கொடுப்பது பின்னது. கடும் சொல்லால் உண்மையைச் சொல்லித் திருத்தும் ஆசிரியர் ‘கைண்ட்’ ஆனவர், ஆனால் ‘நைஸ்’ ஆனவரல்லர். எல்லாரிடமும் இனிக்க இனிக்கப் பேசி, எவருக்கும் உதவாதவர் நேர்மாறு. பின்னாளில் பழமொழிபோல் ஆகிவிட்ட, ‘நைஸ்’ ஆனவர்கள் கடைசியில்தான் வந்து சேர்வார்கள் என்ற கருத்தை அமெரிக்க பேஸ்பால் மேலாளர் லியோ டுரோஷருக்கு உரியதாகச் சொல்வார்கள். 1940களில் பிறந்த அந்தத் தொடரில் ‘நைஸ்’ என்பது ஏறக்குறைய ‘ஏமாளி’ என்ற நிலைக்குப் போகிறது. ஏழு நூற்றாண்டு சுற்றிவிட்டுச் சொல் புறப்பட்ட வாசலை எட்டிப்பார்க்கிறது.

இந்த வேறுபாடுகளைக் கணக்கில் கொண்டால், ‘நைஸ்’ பொருளற்ற சொல் என்ற பழி நிற்காது. மற்ற இணைச்சொற்கள் ஏதேனும் ஒன்றை உறுதி கூறுகின்றன: அழகு, அன்பு, மகிழ்ச்சி, நாகரிகம். ‘நைஸ்’ எதையும் உறுதி கூறாமல் ஒப்புதலை மட்டும் தெரிவிக்கிறது. எழுதும்போது இது குறை. வாசகர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைத் தரவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசும்போது இதுவே வசதி. ஐந்து நொடிக்குள் ஒரு பாராட்டைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போகவேண்டியவருக்கு அதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் இல்லை. ஆசிரியரின் சிவப்பு மை கட்டுரைத் தாளில் சரி. உரையாடல் வகுப்பில் தேவையில்லை.

ஒலிப்பால் குழப்பம் தரும் ஒன்றையும் சொல்லவேண்டும். பிரான்சின் கடற்கரை நகரம் ஆங்கிலத்தில் இதே எழுத்துகளால் எழுதப்படுகிறது, உச்சரிப்பு ‘நீஸ்’. வெற்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இந்தப் பெயரடையோடு உறவில்லை. சர்க்கரை தூவிய, தேங்காய் மணமுள்ள பிஸ்கட்டின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் பெயரை எப்படிப் படிப்பது என்று பிரிட்டனில் இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. தமிழ்நாட்டுப் பெட்டிக்கடையில் அந்த வாக்குவாதம் இல்லை. அது ‘நைஸ்’ பிஸ்கட்தான்.

தமிழ்ப் பேச்சில் ‘நைஸ்’ தனி வாழ்க்கை வாழ்கிறது. சமையல் குறிப்புகளில் தேங்காயைக் கொரகொரப்பாக அரைக்கவேண்டும், அல்லது ‘நைஸாக’ அரைக்கவேண்டும், இரண்டும் எதிர்ப்பதங்கள். துணி ‘நைஸ்’ என்றால் கைக்கு வழவழப்பு. ‘நைஸாக நழுவிவிட்டான்’ என்றால் எவர் கண்ணிலும் படாமல் போய்விட்டான். ‘நைஸாகப் பேசிக் காரியம் சாதித்தாள்’ என்றால் உறுத்தாமல், தந்திரமாக. இன்றைய ஆங்கிலத்தின் பொதுப் பாராட்டுப் பொருள் படித்தவர் பேச்சில் மட்டும் உண்டு. வீட்டிலும் தெருவிலும் வேரூன்றியவை நுண்மை, மென்மை, நாசூக்கு என்பவையே. ஆங்கிலத்தில் பழசாகிவிட்ட பொருள்களுக்கு அவை வியப்பூட்டும் அளவு அருகில் இருக்கின்றன. நசுங்கி மென்மையாதலைக் குறிக்கும் ‘நை’ என்ற தமிழ் வினையும், ‘நைய அரைத்தல்’ என்ற வழக்கும் முன்பே இருந்ததால் புதுச்சொல் அம்மிக்குப் பக்கத்தில் எளிதாக இடம்பிடித்திருக்கலாம். ஒலியொற்றுமை வேரொற்றுமை ஆகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும்.

ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுப்போர் ‘நைஸ்’ என்ற பதிவின்கீழ் ‘நல்ல, இனிய, அழகான’ என்று மூன்று சொற்களை அடுக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவது போதாது. தீர்ப்பில் வரும் நுண்பொருள், ‘நைஸ் அண்ட்’ என்ற மிகுதிப்பொருள், குரலால் மாறும் எதிர்மறைக் குறிப்பு ஆகிய மூன்றையும் தனித்தனி எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியத்தை எடுத்துக்காட்டாகத் தரவேண்டும். தமிழ் அகராதிகளும் ‘நைஸ்’ சொல்லைப் பேச்சுவழக்கு என்று ஒதுக்காமல் மாவு, துணி, பேச்சு ஆகிய மூன்று பயன்பாடுகளோடும் பதிவு செய்யவேண்டும்.